தொகுதியின் பெயர் மாறியது. கூலிக்காரன் கதி மாறியதா?

வானூர் பக்கம் போய் எந்தக் குடிசை வாசலிலாவது நின்று கேட்டுப் பாருங்கள்: "உங்கள் பார்லிமெண்ட் தொகுதி எது?" திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தகப்பனார் பழைய ஞாபகத்தில் "திண்டிவனம்" என்பார். வேலைக்குக் கிளம்பும் மகன் "இல்லப்பா, விழுப்புரம்" என்பான். இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ்தான் படுக்கிறார்கள். ஒரே கொல்லையில்தான் மல்லாட்டை பிடுங்குகிறார்கள். ஒரே தோப்பில்தான் சவுக்கு வெட்டுகிறார்கள். வீடு நகரவில்லை, தொகுதிதான் நகர்ந்து போயிற்று!

1952 முதல் 2004 வரை 14 பொதுத் தேர்தல்களைக் கண்டது திண்டிவனம் தொகுதி. 2008-ல் எல்லைக்கோட்டைத் திருத்தினார்கள். 2009 தேர்தலில் திண்டிவனம் என்ற பெயரே பார்லிமெண்ட் தொகுதிப் பட்டியலில் இல்லை. செஞ்சி ஆரணித் தொகுதிக்குப் போயிற்று. வானூரும் திண்டிவனமும், விக்கிரவாண்டி, விழுப்புரம், திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டையோடு சேர்ந்து விழுப்புரம் தொகுதி ஆயின. அதன் பிறகு 2009, 2014, 2019, 2024 என்று நான்கு தேர்தல்கள். ஆக மொத்தம் 18 முறை நம் ஜனங்கள் ஓட்டுச் சாவடி வாசலில் வெயிலில் நின்றிருக்கிறார்கள். நின்றவர்களுக்குக் கிடைத்தது என்ன? இதைத்தான் கேட்கப் போகிறோம்.

ஒவ்வொரு தேர்தலுக்கும் பட்டணத்துப் பத்திரிகைப் பண்டிதர்கள் இந்தப் பக்கம் வருகிறார்கள். டீக்கடையில் உட்கார்ந்து பென்சிலை எடுக்கிறார்கள். இன்ன சாதி இத்தனை சதவிகிதம், இன்ன சாதி இத்தனை சதவிகிதம், கூட்டு, கழி, முடிந்தது காரியம் என்கிறார்கள். விவசாயக் கூலிகள் எத்தனை பேர், வீட்டுமனைப் பட்டா இல்லாதவர்கள் எத்தனை பேர், ஆலை மூடி வீட்டோடு இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள்; பென்சிலை மடக்கிப் பையில் வைத்துக்கொள்வார்கள். "இது சாதித் தொகுதி ஐயா, அதன் தலைவிதி அது" என்பதுதான் அவர்களுடைய தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு பொய்த் தீர்ப்பு என்கிறோம் நாம். நம் வார்த்தையை அப்படியே நம்ப வேண்டாம். தொகுதியின் சரித்திரத்தையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவோம்.

உழைப்பாளர் பெயரில் ஒரு கட்சி

முதல் தேர்தல் 1952. அன்று திண்டிவனம் இரட்டைத் தொகுதி, இரண்டு மெம்பர்கள். ஜெயித்தவர்கள் வி. முனிசாமி, அ. ஜெயராமன். எந்தக் கட்சி? காங்கிரஸ் அல்ல! நேருவின் பெயர் நாடெங்கும் கொடிகட்டிப் பறந்த அந்த நாளில் காங்கிரசை இந்தத் தொகுதி மண்ணைக் கவ்வ வைத்தது. ஜெயித்தது தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி. கடலூரிலும் அந்தக் கட்சியே இரண்டு ஸ்தானங்களையும் பிடித்தது. சென்னை சட்டசபையில் அதற்கு 19 பேர்.

அந்தக் கட்சியின் பெயரைக் கவனியுங்கள், தோழர்களே. உழைப்பாளர்! ஏர் பிடிப்பவனும் நாற்று நடுபவளும் தங்கள் பெயரைத் தாங்கிய கட்சி என்று நம்பினார்கள். உண்மையில் அது தென்னாற்காடு, சேலம் பக்கத்து வன்னியர் சங்கத்தார் கூடி அமைத்த கட்சி, தலைவர் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சி. வடாற்காடு, செங்கற்பட்டுப் பக்கத்தில் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி. அந்த ஜனங்களின் கோபம் பொய்க் கோபமல்ல. உழைத்துத் தேய்ந்தவனுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, உத்தியோகமும் இல்லை என்ற நியாயமான கோபம். அந்தக் கோபம்தான் ஓட்டுப் பெட்டியை நிரப்பியது.

பிறகு நடந்தது என்ன? 375 பேர் கொண்ட சட்டசபையில் காங்கிரசுக்கு வந்தது 152. கம்யூனிஸ்டுகள் 62 பேர் வந்திருந்தார்கள். பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் கூடி மந்திரிசபை அமைக்கத் தயாராக நின்றன. காங்கிரசுக்கு ஆள் பிடிக்க வேண்டிய கட்டாயம். தேர்தலில் நிற்காத ராஜாஜியை மேல்சபைக்கு நியமன மெம்பராக்கி முதல் மந்திரி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நாயக்கருக்கு உடனே மந்திரி பதவி. உழைப்பாளர் கட்சி வெளியிலிருந்து தோள் கொடுத்தது. 1954-ல் காமராஜர் மந்திரிசபை வந்தபோது படையாட்சியாருக்கும் ஒரு நாற்காலி. சிறிது காலத்தில் இரண்டு கட்சிகளும் காங்கிரசில் கரைந்தே போயின!

காங்கிரசை எதிர்த்து வாங்கிய ஓட்டு காங்கிரசுக்கே போய்ச் சேர்ந்தது. ஓட்டுப் போட்டவன் சாயங்காலம் கூலிக்கு அதே பண்ணை வாசலில்தான் நின்றான். சாதிக்கு ஒரு மந்திரி கிடைத்தார்; அந்தச் சாதியின் கூலிக்காரனுக்கு ஒரு படி நெல் கூடுதலாகக் கிடைத்ததா? இதுதான் 1952 கற்றுத்தந்த முதல் பாடம். இதை நாம் சரியாகப் படிக்கவில்லை. அதனால்தான் 70 வருஷமாக அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறோம்.

கவுண்டர், ரெட்டியார், நாயுடு, படையாட்சி

அடுத்து வந்தவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். 1957-ல் சுயேச்சையாக நின்று வென்றவர் சண்முக கவுண்டர். 1962-ல் காங்கிரஸ் வெங்கடசுப்பா ரெட்டியார். 1967-ல், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சு ஊரெல்லாம் முழங்கிய தேர்தலில், தி.மு.க.வின் டி.டி.ஆர். நாயுடு. 1980-லும் 1984-லும் இந்திரா காங்கிரசின் பெயரில் வந்து வென்றவர் யார் தெரியுமா? அதே ராமசாமி படையாட்சி! 1952-ல் காங்கிரசைத் தோற்கடித்த தலைவர், 28 வருஷம் கழித்து அதே தொகுதியில் காங்கிரஸ் மெம்பர். சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்து நின்றது.

தனி மனிதர்களைத் தூற்ற இதைச் சொல்லவில்லை. அவரவர் பெயர் அவரவர் வைத்துக்கொண்டது. ஆனால் கொடி மாறியபோதும் வேட்பாளரை எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்பதற்கு இந்தப் பட்டியலே அத்தாட்சி.

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். 1971 முதல் 1991 வரை ஆறு தேர்தல்களில் தொடர்ந்து காங்கிரசே இங்கு ஜெயித்தது. சொந்தக் காலில் நின்றா? 1971-ல் தி.மு.க. தோளில் ஏறி லட்சுமிநாராயணன் வந்தார். 1977-ல் அதே லட்சுமிநாராயணன் அண்ணா தி.மு.க. தோளில் ஏறி வந்தார். 1980-ல் மறுபடி தி.மு.க. தோள், 1984, 1989, 1991-ல் அண்ணா தி.மு.க. தோள். பிறகு 1998-ல் செஞ்சி ராமச்சந்திரன் ம.தி.மு.க. சார்பில் அண்ணா தி.மு.க. அணியில் நின்று ஜெயித்தார். 1999-ல் அதே அவர் தி.மு.க. அணியில் நின்று ஜெயித்தார். ஒரு வருஷ இடைவெளியில் அணிதான் மாறியது.

சாதிக் கணக்குப் பண்டிதர்களே, பதில் சொல்லுங்கள்! ஜனங்களின் சாதி 1998-க்கும் 1999-க்கும் நடுவில் மாறியதா? கூட்டணி மாறியது, முடிவும் அதற்குத் தக்கபடி வந்தது. மேலே நாலு பேர் உட்கார்ந்து செய்துகொள்ளும் ஒப்பந்தத்துக்கு, கீழே சாதி என்று பெயர் சூட்டி விற்கிறீர்கள். அவ்வளவுதான்!

சிந்திய ரத்தமும் வந்த பதவியும்

1987 செப்டம்பரில் வன்னியர் சங்கம் ஒரு வார காலம் சாலை மறியல் நடத்தியது. இடஒதுக்கீடு கேட்டுத் தெருவுக்கு வந்தவர்களில் 21 பேர் உயிரிழந்தார்கள். மறியலுக்கு வந்தவர்கள் பங்களாவிலிருந்து வரவில்லை, குடிசையிலிருந்து வந்தவர்கள். 1989-ல் மிகவும் பிற்பட்டோருக்கு 20 சதவிகிதம் கிடைத்தது. அது போராடிப் பெற்ற உரிமை. அதை நாம் மதிக்கிறோம்.

அதே ஆண்டு அந்தப் போராட்டத்திலிருந்து பாட்டாளி மக்கள் கட்சி பிறந்தது. மறுபடியும் பெயரைக் கவனியுங்கள்: பாட்டாளி! 1952-ல் உழைப்பாளர், 1989-ல் பாட்டாளி. நம் பெயர் இல்லாமல் அவர்களுக்குக் கட்சி கட்ட முடிவதில்லை. திண்டிவனம் அந்தக் கட்சியின் தாய்வீடு. அந்தத் தாய்வீட்டில் அது பார்லிமெண்டுக்கு எத்தனை முறை வென்றது? ஒரே முறை. 2004-ல், தி.மு.க. கூட்டணியில், தன்ராஜ். 2019-ல் விழுப்புரத்தில் நின்று 1,28,068 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது. சாதிக் கணக்கே வேதம் என்றால் இந்தத் தொகுதியில் அந்தக் கட்சி அல்லவா என்றைக்கும் வென்றிருக்க வேண்டும்? அதே சாதியைச் சேர்ந்த கூலிக்காரர்களே அந்தக் கணக்குக்குக் கட்டுப்படவில்லை என்பதுதானே இதன் அர்த்தம்!

2021 பிப்ரவரி 26-ம் தேதி, சட்டசபைத் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட அதே நாளில், அவசர அவசரமாக 10.5 சதவிகித உள்ஒதுக்கீடு என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஐகோர்ட் அதை ரத்து செய்தது. 2022 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டும் ரத்தை உறுதி செய்தது. போதிய புள்ளிவிவரம் சேர்க்காமல் சட்டம் போட்டால் கோர்ட்டில் நிற்காது என்று அவர்களுக்குத் தெரியாதா? வயிற்றுக்குச் சோறு கேட்டவனுக்குச் சோற்றுப் படம் வரைந்து காட்டினார்கள்.

தனித் தொகுதி என்றால் தனித் தெரு அல்ல

2009 முதல் விழுப்புரம் தாழ்த்தப்பட்டோருக்கான தனித் தொகுதி. அந்தத் தேர்தலில் அண்ணா தி.மு.க.வின் ஆனந்தன் மூவாயிரத்துக்கும் குறைவான ஓட்டில் விடுதலைச் சிறுத்தைகளை முந்தினார். 2014-ல் அண்ணா தி.மு.க.வின் ராஜேந்திரன். 2019-ல் விடுதலைச் சிறுத்தைகளின் ரவிக்குமார் உதயசூரியன் சின்னத்தில் வென்றார். 2024-ல் அவரே பானைச் சின்னத்தில் 70,703 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார்.

"அது காலனிக்காரன் தொகுதி ஆகிவிட்டது" என்று ஊர்த் தெருவில் சிலர் முணுமுணுக்கிறார்கள். தோழர்களே, இது விஷப் பேச்சு! தனித் தொகுதியில் வேட்பாளர்தான் தாழ்த்தப்பட்டவராக இருக்க வேண்டும். ஓட்டுப் போடுவது எல்லோரும். லட்சத்தைத் தாண்டும் ஓட்டு வித்தியாசம் ஒரே தெருவிலிருந்து வருமா? ஊர்த் தெருவிலும் காலனியிலும் சேர்ந்து விழுந்த ஓட்டு அது.

ஆனால் ஓட்டுப் பெட்டியில் ஒன்றாக விழுந்தவை வெளியே ஒன்றாக நிற்கின்றனவா? 1978 ஜூலையில் விழுப்புரத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் 12 பேர் கொன்று குவிக்கப்பட்டதை மறக்க முடியுமா? அது பழைய கதை என்பீர்கள். 2023 ஜூனில் விக்கிரவாண்டி பக்கம் மேல்பாதி கிராமத்தில் திரௌபதி அம்மன் கோவிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் போகக்கூடாது என்று தடுத்து, கடைசியில் கோவிலுக்கே அதிகாரிகள் சீல் வைத்தார்களே, அதுவும் பழைய கதையா? 2025 ஏப்ரலில்தான் அந்த மக்கள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய்க் கும்பிட முடிந்தது. பார்லிமெண்டுக்குப் போகத் தொகுதி உண்டு. உள்ளூர்க் கோவிலுக்குப் போக வழி இல்லை! இந்த வெட்கக்கேட்டில் லாபம் யாருக்கு? ஊர்த் தெருக் கூலிக்காரனுக்கா? அவன் வீட்டு அடுப்பில் இதனால் ஒரு விறகாவது கூட எரிந்ததா? ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இரண்டு தெருவும் பேசிக்கொள்ளாத வரையில், கூலியை நிர்ணயிப்பவன் நிம்மதியாகத் தூங்குகிறான்.

ஆலைச் சங்கும் ஏரி வேலையும்

வானூர் வட்டாரத்துக்குப் பக்கத்தில்தான் புதுச்சேரி. அங்கே 1936 ஜூலை 30-ம் தேதி, எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் கேட்ட பஞ்சாலைத் தொழிலாளிகளைப் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டது. 12 பேர் மாண்டார்கள். சுட்டவன் சாதி கேட்டுச் சுடவில்லை. செத்தவர்களும் சாதி பார்த்து வரிசையில் நிற்கவில்லை. அந்த ஐக்கியத்துக்குப் பிரெஞ்சு ஏகாதிபத்தியமே பணிந்தது. அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று.

அந்த ஆலைகளின் கதி என்ன? ஏ.எப்.டி., சுதேசி, பாரதி ஆலைகள் மூன்றும் 2020-ல் மூடப்பட்டன. நம் திண்டிவனம் தொகுதிக்கு மந்திரி யோகம் இல்லாமலா போயிற்று? 1996-ல் வென்ற தி.மு.க.வின் வெங்கட்ராமன் டில்லியில் தரைவழிப் போக்குவரத்து மந்திரி. 1999-ல் வென்ற ராமச்சந்திரன் முதலில் ஜவுளித் துறைக்கும் பின்னர் நிதித் துறைக்கும் இணை மந்திரி. தொகுதிக்குப் பதவி வந்தது. தறிக்கு உயிர் வரவில்லை. ஒரு மந்திரி நினைத்தால் எல்லாம் நடந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. மந்திரி பதவியைக் காட்டி "உங்கள் ஆள் பார்" என்று தோளைத் தட்டிக் கொடுத்தவர்களைத்தான் கேட்கிறோம்: ஆலைச் சங்கு நின்றபோது அந்த "உங்கள் ஆள்" கூட்டம் எங்கே போயிற்று?

கிராமத்துக்கு வருவோம். நூறு நாள் வேலைச் சட்டம் 2005-ல் வந்தது. அன்று டில்லி சர்க்கார் நிற்க இடதுசாரிகளின் சுமார் 60 மெம்பர்களின் ஆதரவு தேவைப்பட்டது. அந்த நெருக்கடியும் சேர்ந்துதான் சட்டம் வந்தது. 2006 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் முதலில் ஆரம்பித்த ஆறு மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. அதன் பலன் கூலி மட்டுமல்ல. ஏரி வேலைக்குப் போனால் இவ்வளவு கிடைக்கும் என்று ஒரு கணக்கு வந்த பிறகுதான், "கொடுப்பதை வாங்கிக்கொள்" என்று சொன்னவனிடம் "முடியாது" என்று சொல்ல நம் பெண்களுக்கு வாய் வந்தது. ஊர்த் தெருப் பெண்ணும் காலனிப் பெண்ணும் ஒரே ஏரியில் மண் சுமந்து, ஒரே மரத்தடியில் கஞ்சி குடித்த ஊர்கள் பல உண்டு. எந்தக் கட்சியும் செய்யாத காரியத்தை ஒரு மண்வெட்டி செய்தது.

அந்தச் சட்டத்தைத்தான் 2025 டிசம்பரில் மோடி சர்க்கார் எடுத்துவிட்டு வேறு சட்டம் வைத்தது. நாள் 100 அல்ல, 125 என்று தம்பட்டம். ஆனால் முன்பு கூலி முழுவதையும் டில்லி கொடுத்தது. புதிய சட்டத்தில் செலவில் 40 சதவிகிதத்தை மாநிலத்தின் தலையில் கட்டினார்கள். விதைப்பு, அறுவடைக் காலத்தில் ஆண்டுக்கு 60 நாள் வேலையை நிறுத்தி வைக்கவும் அதில் இடம் வைத்தார்கள். யாருக்காக அந்த 60 நாள்? கூலி கேட்க நமக்குத் தெம்பு இருக்கும் நாள் அறுவடை நாள்தானே! அந்த நாளில் மாற்று வேலையை மூடிவிட்டால், நாம் எந்த வாசலில் போய் நிற்போம்? அந்த வாசல்காரனுக்காகத்தான் அந்த 60 நாள்!

வேலை அட்டை இரண்டு தெருவிலும் இருக்கிறது. வெட்டு விழுந்திருப்பது இரண்டு தெருவுக்கும்தான்.

நம் பங்கும் உண்டு

மற்றவர்களை மட்டும் குற்றம் சொல்லித் தப்பித்துக்கொள்ள நாம் விரும்பவில்லை. இந்தத் தொகுதியில் ஒருமுறைகூடச் செங்கொடி பார்லிமெண்டுக்குப் போகவில்லை. 2004-ல் தி.மு.க. அணியில் நின்றோம், 2009-ல் அண்ணா தி.மு.க. அணியில் நின்றோம், 2019-லும் 2024-லும் மறுபடி தி.மு.க. அணி. 2011-ல் விக்கிரவாண்டியில் மார்க்சிஸ்ட் ராமமூர்த்தி சட்டசபைக்கு வென்றதும் ஒரு பெரிய கட்சியின் அணியில் இருந்துதான். காரணங்கள் இருந்தன, அவற்றில் சில நியாயமானவை. ஆனால் கூட்டணி மேடையில் நாற்காலி தேடிய வேகத்தில், இரண்டு தெருவுக்கும் நடுவில் பாய் விரித்து உட்காரும் வேலையைப் பல ஊர்களில் கைவிட்டோம். சங்கம் இல்லாத இடத்தில் சாதி வந்து உட்கார்ந்தது. காலி வீட்டில் பேய் குடியேறும் என்பார்கள். வீட்டைக் காலியாக விட்டது யார்?

என்ன கேட்க வேண்டும்?

பார்லிமெண்ட் ஸ்தானங்களின் எண்ணிக்கையை, 2026-க்குப் பின் எடுக்கும் முதல் ஜனத்தொகைக் கணக்கு வரையில் மாற்றுவதில்லை என்று 2001-ல் அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். அந்தக் கணக்குக்குப் பிறகு மறுபடி வரைபடத்தை விரிப்பார்கள். மறுபடி கோடு போடுவார்கள். வானூரை எந்தப் பெயரில் சேர்ப்பார்களோ! பேரன் "என் தொகுதி வேறு" என்று சொல்லும் நாள் வரலாம்.

பெயர் எதுவாகவும் இருக்கட்டும். ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், அவர் எந்தத் தெருக்காரர் என்று கேட்காதீர்கள். நாலு கேள்வி கேளுங்கள்: வேலை உறுதிச் சட்டத்தைப் பழையபடி முழு மத்தியச் செலவில் கொண்டுவரப் பார்லிமெண்டில் குரல் கொடுப்பாயா? அறுவடைக் காலத்தில் வேலையை மூடும் விதியை எதிர்ப்பாயா? குடியிருக்கும் மனைக்குப் பட்டா வாங்கித் தர எங்களோடு தாலுகா ஆபீஸ் வாசலில் உட்காருவாயா? கோவில் வாசலில் ஒருவனைத் தடுத்தால், தடுத்தவன் உன் சாதியானாலும், தடுக்கப்பட்டவன் பக்கம் நிற்பாயா? நாலுக்கும் வாய் திறந்து ஆமாம் என்று சொல்லாதவனுக்கு, சொந்த அண்ணன் தம்பியானாலும், ஓட்டு இல்லை என்று சொல்லுங்கள்.

இந்தக் கேள்வியைக் காலனி தனியாகக் கேட்டால் சிரித்துக்கொண்டே போய்விடுவான். ஊர்த் தெரு தனியாகக் கேட்டால் தோளில் கை போட்டுச் சமாளிப்பான். இரண்டு தெருவும் சேர்ந்து ஒரே இடத்தில் நின்று கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

18 தேர்தல்களில் தலைவர்கள் நமக்குள் கோடு போட்டார்கள். சர்க்கார் நம் ஊருக்கு நடுவில் கோடு போட்டது. எந்தக் கோடும் கூலியைப் பிரித்துக் காட்டவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கூலிதான், ஒரே பசிதான். ஓட்டு ஒரு நாள் வேலை. சங்கம் மற்ற எல்லா நாளும் செய்ய வேண்டிய வேலை. அந்த வேலையை அடுத்த தேர்தல் தேதி அறிவித்த பிறகு தொடங்கினால் நேரம் தவறிவிடும். இந்த வாரமே, இரண்டு தெருவும் சேரும் முச்சந்தியில் ஒரு பாயை விரிப்போம்!